பூவிதழ் வைத்துக் கட்டிய கொடி

அந்த முன்பள்ளிக் கட்டடத்துக்குப் பெயின்ற் அடித்தவன் நான். உள்ளே மஞ்சள், வெளியே இளநீலம், யன்னல் கம்பிகளுக்குப் பச்சை. மன்னார்ப் பக்கம் நறுவிலிக்குளத்தைத் தாண்டி உள்ளே போகும் மண் ரோட்டில், வயலும் பற்றைக்காடுமாகக் கிடக்கும் சின்ன ஊர் அது. ஊரில் பாதிப் பேர் பரம்பரையாக வயல் செய்கிறவர்கள். மீதிப் பேர் எங்களைப் போன்றவர்கள். மலையகத் தோட்டங்களில் பிறந்து, கலவரத்துக்குத் தப்பி வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறினோம். பிறகு சண்டைக்குப் பயந்து படகேறி இந்தியாவுக்குப் போனோம். அங்கே முகாம்களில் பிள்ளை பெற்று, ஆளைப் புதைத்து, சண்டை முடிந்தபிறகு திரும்பி வந்தோம்.

முன்பள்ளியின் ஆசிரியை என் அக்காவின் மகள், எனக்கு மருமகள். மண்டபம் முகாமில் பிறந்தவள். அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருடம் அக்கா மஞ்சள் காமாலையில் செத்துப்போனாள். தகப்பன் அதற்கு முன்பே எங்கோ போய்விட்டார். நான் திரும்பும்போது அவளையும் கூட்டிக்கொண்டு வந்தேன். ஊரில் எங்கள் பக்கத்தில் அவ்வளவு படித்தவர் வேறு யாரும் இல்லாததால், பாலை மரத்தடியில் இருந்த தகரக் கொட்டகையில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க அவளை விட்டார்கள். வெயிலில் தகரம் கொதிக்கும், மழையில் சத்தத்தில் எதுவும் கேட்காது. அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. புதுக் கட்டடம் திறந்தபிறகு அவளை நிரந்தரமாக எடுப்பதாக அரசாங்கக் கந்தோரில் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு அதுதான் எல்லாம். இந்த நாட்டில் தன்னுடையது என்று சொல்ல அவளிடம் அந்தப் பிள்ளைகளைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை.

எனக்கு அப்படி ஒன்றும் தேவைப்பட்டதில்லை. நான் ஓரிடத்தில் இருந்து பழகாதவன். உப்பளம், வயலில் அரிவி வெட்டு, மறிச்சுக்கட்டிப் பக்கம் வீட்டு வேலை என்று எங்கே கூலி இருக்கிறதோ அங்கே போவேன். ஒரு பாயும் சைக்கிளும் போதும். ஆனால் அவளுக்காக அந்த மாதம் ஊரிலேயே இருந்தேன்.

திறப்பு விழாவுக்கு முன் ஊர்க்கூட்டம் வைத்தார்கள். பெரிய அதிகாரி அம்மா மன்னாரிலிருந்து வருகிறார், பக்கத்து முகாமிலிருந்து இராணுவ அதிகாரி வருகிறார், ஆகவே கொடி ஏற்ற வேண்டும், தேசிய கீதம் வேண்டும். கந்தோரிலிருந்து ஒரு பென் டிரைவில் பாட்டு வந்திருந்தது. போட்டுக் கேட்டபோது சிங்களத்தில் இருந்தது. அதில் தொடங்கியது பிரச்சினை.

யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகம் படித்துவிட்டு வந்து இளைஞர் கழகத்தை நடத்திக்கொண்டிருந்த தம்பி ஒருவர் எழுந்து நின்றார். வயல்காரர் வீட்டுப் பிள்ளை. கெட்டிக்காரன், நல்லவன், ஆனால் எப்போதும் யாரோ தன்னை அடிக்க வருவதுபோலப் பேசுவார்.

"எங்கட பிள்ளையளுக்கு எங்கட ஊரில ஒரு பள்ளிக்கூடம். இதுக்குள்ள அவையின்ட கொடி என்னத்துக்கு?"

ஊர்ச் சங்கத்தின் தலைவரும் வயல்காரர்தான். எந்தச் சண்டையையும் சரிபாதியாகப் பிளந்து இரண்டு பக்கத்துக்கும் கொடுத்துவிடுகிற மனிதர்.

"தம்பி, அந்தச் சுவரில இருக்கிற சீமெந்தும் அவையின்டதுதான்," என்றார். "கொடியை மட்டும் என்னெண்டு வேண்டாம் எண்டுறது?"

அப்படியானால் கீதத்தைத் தமிழில் பாடலாம் என்றார்கள் சிலர். அந்தத் தம்பிக்கு அது இன்னும் கூடக் கோபத்தைக் கொடுத்தது. தமிழில் பாடினால் மட்டும் அது எங்களுடைய பாட்டாகிவிடுமா என்று கேட்டார். எனக்கு அப்போது அது விளங்கவில்லை. இப்போதும் முழுவதுமாக விளங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வெகுநேரம் கதைத்தார்கள். கடைசியில் தலைவர்தான் வழி கண்டுபிடித்தார். பிரச்சினை சொல்லில் இருக்கிறது, ஆகவே சொல்லை எடுத்துவிடுவோம், இசையை மட்டும் போடுவோம் என்றார். சொல் இல்லாத கீதம் போனில் கிடைத்தது. கூட்டத்தில் எல்லோருக்கும் நிம்மதியாகிவிட்டது.

கலையும்போது அந்தத் தம்பி என்னிடம் வந்தார். பகிடியாகக் கேட்கவில்லை.

"அண்ணை, நீங்கள் நாலு இடமும் திரிஞ்சனீங்கள். சொல்லுங்கோ, உங்கட நாடு எது?"

"இப்ப இங்கதான் தம்பி வேலை," என்றேன்.

நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை. கேள்வியை விளங்கிக்கொள்ளப் பார்த்தேன், வாயில் வந்தது அதுதான். தோட்டத்தில் இருந்தபோது எங்களை இந்தியாக்காரன் என்றார்கள். கலவரத்தில் வீட்டை எரித்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள், வேறு சிலவும் சொன்னார்கள். வன்னிக்கு வந்தபோது தமிழரிடம் வந்துவிட்டோம் என்று அப்பா கும்பிட்டார். இங்கே தோட்டக்காட்டான் என்றார்கள். இந்தியாவில் இறங்கியபோது பாட்டன் பூட்டன் மண் என்று அக்கா மணலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். அங்கே சிலோன் அகதி என்றார்கள். ஒவ்வொரு இடத்திலும் ஒரு கொடி இருந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சிங்கக் கொடிக்கு நின்றேன். இயக்கம் இருந்த காலத்தில் அவர்களுடைய கொடிக்கு நின்றேன். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடங்களுக்குப் பெயின்ற் அடிக்கும்போது, காலையில் அவர்களுடைய கீதம் கேட்டால் சாரத்தில் ஏறியிருந்தவன் இறங்கி நிற்பேன். இறங்காவிட்டால் மேஸ்திரி ஏசுவார். எல்லாக் கொடிக்கும் கால்கள் ஒரே மாதிரித்தான் நின்றன. அதில் எது என்னுடையது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன், ஒருவேளை அது நாலாம் வகுப்பில் இருந்திருக்கலாம்.

விழா நாள் காலையில் கொடி கட்டும் வேலையைப் பிள்ளைகளின் தாய்மார் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் கனபேர் முகாமில் வளர்ந்து அங்கத்தைய பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அங்கே பார்த்த மாதிரியே செய்தார்கள். கொடியை அழகாக மடித்து, நடுவில் செவ்வரத்தை இதழும் நித்தியகல்யாணியும் நிறைய வைத்து, உருவு முடிச்சுப் போட்டு, பொட்டலத்தை முன்கூட்டியே கம்பத்தின் உச்சிக்கு ஏற்றிவிட்டார்கள். கயிற்றைச் சுண்டினால் கொடி விரிந்து பூக் கொட்டும். இந்த நாட்டில் கொடியைக் கீழிருந்து விரித்தபடிதான் ஏற்றுவார்கள். அது அங்கே யாருக்கும் நினைவு வரவில்லை. எனக்கும் வரவில்லை. வடிவாக இருக்கிறது என்று நினைத்தேன்.

அதிகாரி அம்மா வந்தார், இராணுவ அதிகாரி வந்தார், பந்தலுக்குக் கீழே கதிரைகள் நிறைந்தன. தலைவர் ஒலிவாங்கியில் எல்லோரையும் எழும்பச் சொன்னார். அப்போது கரண்ட் நின்றது. எங்கள் ஊரில் அது புதினமில்லை, ஆனால் இசை வரவேண்டியது ஸ்பீக்கர் பெட்டியிலிருந்துதான். அதிகாரி அம்மா ஏற்கெனவே கயிற்றைப் பிடித்துவிட்டார். மேலே ஒரு பொட்டலம் தொங்குவதைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். ஒரு தாய் எட்டிப் போய், "சும்மா சுண்டி இழுங்க மேடம்," என்றாள். இழுத்தார். கொடி விரிந்தது. பூவெல்லாம் அவர் தலையிலும் சேலையிலும் கொட்டியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு ஒரே அமைதி. தலைவர் என் மருமகளைப் பார்த்துக் கையால் காட்டினார். பாடுங்கோ என்ற சைகை.

அவளுக்கு இந்த நாட்டுக் கீதம் தெரியும். தமிழில் உள்ளதைப் போனில் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கி வைத்திருந்தாள். நான் சுவர் பூசும்போது அவள் உள்ளே முணுமுணுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறேன். அன்று வாயைத் திறந்தாள், வந்தது மற்ற நாட்டின் கீதம்.

முதல் வரி முடிவதற்குள் தாய்மார் சேர்ந்துவிட்டார்கள். கைகளைப் பக்கத்தில் ஒட்டவைத்து, நெஞ்சை நிமிர்த்தி, பள்ளிக்கூடத்தில் நின்ற மாதிரி நின்று பாடினார்கள். அவர்களுடைய புருஷன்மாரில் சிலரும் பாடினார்கள். என் உதடும் அசைந்தது. பரம்பரையாக வயல் செய்கிற குடும்பத்துப் பெண்கள், இவர்கள் ஏதோ நன்றாகப் பழகியிருக்கிறார்கள் என்று மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இராணுவ அதிகாரி சல்யூட் அடித்துவிட்டார். பாதியில்தான் அவருக்குத் தெரிந்தது. கண் மட்டும் இடமும் வலமுமாகப் போனது, கை நெற்றியில் இருந்து இறங்கவில்லை. தலைவரின் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஆனால் ஒருவரும் நிறுத்தவில்லை. கீதம் பாடும்போது அசையக்கூடாது என்பது எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. கடைசிவரை பாடி முடித்தார்கள். முடிந்ததும் தாய்மார் பழக்கத்தில் ஏதோ கோஷம் போட வாயெடுத்து, அப்போதுதான் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

என் மருமகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதிகாரி அம்மா தலையில் இருந்த பூவைத் தட்டிக்கொண்டு தலைவரிடம், இது யார் படிப்பித்த பாட்டு என்று மெல்லக் கேட்டார். தலைவர் வாழ்நாளில் முதல் தடவையாக எதையும் பாதியாகப் பிளக்க முடியாமல் நின்றார்.

அந்த இளைஞர் கழகத் தம்பி எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்திருந்தார். ஊர்ப் பகிடி என்று நினைத்துத்தான் அதை முகநூலில் போட்டதாகப் பிறகு என்னிடம் சொன்னார். நான் நம்பினேன். ஆனால் பகிடி ஊரில் நிற்கவில்லை. சிங்களத்தில் ஒரு ஆள் அதைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன். எனக்குச் சிங்களம் வாசிக்க வராது, கேட்டால் தோட்டத்துக் காலத்திலிருந்தே நன்றாக விளங்கும். இந்தியா மன்னாரைப் பிடிக்கப் போகிறது, இதுதான் தொடக்கம், இவளைப் படகில் ஏற்ற வேண்டும் என்றான். தமிழ்நாட்டில் யாரோ அவளுடைய முகத்துக்குப் பின்னால் மூவர்ணக் கொடி வரைந்து, பாசம் என்று எழுதியிருந்தார்கள். அதே நாட்டுக்காரர்தான் பத்து வருடமாய் அலைந்தும் எங்களுக்கு ஒரு கடவுச்சீட்டுத் தராதவர்கள். லண்டனிலிருந்து ஒருவர் அவளுடைய போன் நம்பரைத் தேடிப் பிடித்துக் கதைத்தார்.

"தங்கச்சி, அவங்கட கீதத்தைப் பாடமாட்டன் எண்டு நிண்டீங்களே, அது வீரம். தமிழிச்சியெண்டா இப்பிடித்தான் இருக்கோணும்."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து என்னைப் பார்த்தாள். தோட்டத்திலிருந்து எங்கள் சொந்தக்காரர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, அது நம்ம பாட்டுதானே, ரத்தம் மறக்குமா என்று அழுதார். அது ரத்தத்தில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு ஆறு வயதில் உடற்பயிற்சி வாத்தியார் பிரம்போடு நின்று பழக்கியது அது. ஆனால் அவர் அழுகிறபோது அதை எப்படிச் சொல்வது?

இத்தனை பேருக்கும் அவள் ஒரு பக்கம் நிற்பவளாகத் தெரிந்தாள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பக்கம். பக்கத்து வீட்டில் தண்ணீர் அள்ளப் போகவே அவள் பயந்துகொண்டிருந்தாள்.

விசாரணை முடியும்வரை பள்ளிக்கு வரவேண்டாம் என்று கந்தோரிலிருந்து சொன்னார்கள். புதுக் கட்டடத்தைப் பூட்டினார்கள். தகரக் கொட்டகையை ஏற்கெனவே பிரித்து, தகரத்தை ஆளாளுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். தாய்மார் பிள்ளைகளை எங்கள் வீட்டு வளவுக்குக் கூட்டி வந்தார்கள். அதுவும் ஒரு குற்றமாகிவிடும் என்று அவள் திருப்பி அனுப்பினாள். பிள்ளைகள் படலையில் நின்று ரீச்சர் ரீச்சர் என்று கூப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவள் அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை.

"நான் வேணும்னு பாடல மாமா," என்றாள். "பூ விழுந்துச்சு. வாய் திறந்துச்சு. அவ்வளவுதான்."

இதை விசாரணையில் சொன்னால் நம்புவார்களா என்று யோசித்தேன். நான் அங்கே நின்றவன், எனக்கே அது நம்ப முடியாததாகத்தான் இருந்தது.

பொலிஸில் கூப்பிட்டார்கள். அன்று அங்கே தமிழ் தெரிந்த ஆள் லீவு. எனக்குச் சிங்களம் வரும் என்று தெரிந்ததும் என்னையே மொழிபெயர்க்க வைத்தார்கள். சார்ஜன் வயதானவர், தெற்குப் பக்கத்து ஆள், முகத்தில் அடித்தமாதிரிக் கதைக்கவில்லை. யார் சொல்லிக்கொடுத்தது, எந்த அமைப்பு, இந்தியாவில் யாரோடு தொடர்பு என்று ஒன்றொன்றாகக் கேட்டார். நான் அவளிடம் தமிழில் கேட்டு, அவள் சொன்னதைச் சிங்களத்தில் சொன்னேன். பூ விழுந்ததைச் சொன்னபோது இரண்டு தடவை சொல்லச் சொன்னார். நான் கையால் கொடி மடிப்பதையும் சுண்டுவதையும் செய்து காட்டினேன். அவர் பேனையை வைத்துவிட்டு நாடியைத் தடவினார்.

பிறந்தது அந்த நாட்டில், படித்தது அந்த நாட்டில், பிறகு ஏன் இங்கே வந்தாள் என்று கேட்டார். அது விசாரணைக் கேள்வி மாதிரி இருக்கவில்லை, உண்மையாகவே அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"இதுதான் நம்ம நாடுன்னு அம்மா சொன்னாங்க," என்றாள்.

சொன்னேன். சார்ஜன் தான் எழுதியிருந்ததைத் திரும்ப வாசித்தார். பிறகு, அப்படியென்றால் எங்களுடைய கீதத்தைப் பாடிக் காட்டட்டும், அவளுக்குத் தெரியும் என்றால் தான் அப்படியே எழுதிவிடுவதாகச் சொன்னார். எந்த மொழியில் என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன். சார்ஜனுக்கு அது சிக்கலாகிவிட்டது. மூடியிருந்த பொறுப்பதிகாரியின் அறைக் கதவைப் பார்த்தார். பிறகு, தெரிந்த மொழியில் பாடட்டும் என்றார்.

அவள் எழுந்து பாடத் தொடங்கினாள். சார்ஜனும் எழும்ப வேண்டியதாயிற்று. மேசைக்கு அப்பால் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையோடு எழும்பினார். களவாக மண் ஏற்றிய உழவு இயந்திரத்தோடு பிடிபட்டு வாங்கில் உட்கார்ந்திருந்த ஆளும் எழும்பி நின்றான். கூரை விசிறி கடகடத்தது. அவளுடைய குரல் முதலில் நடுங்கியது, பிறகு நேரானது. மெட்டு ஒன்றுதான் என்பதால் சார்ஜனின் உதடு தன் மொழியில் கூடவே போனது. ஓரிடத்தில் அவள் மூச்சு வாங்க நின்றபோது அவரும் நின்றார். யாரும் சொல்லாமலே நானும் கால்களைச் சேர்த்து நேராக நின்றேன். அந்தப் பாட்டுக்காகவா, அவளுக்காகவா, அந்த மண்காரன் மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டு நின்ற விதத்துக்காகவா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

முடிந்தது. சார்ஜன் உட்கார்ந்து பேனையை எடுத்தார். மெட்டு சரி என்றார். சொல் எப்படி என்று தனக்குத் தெரியாது என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஹரித?" சரியா என்று கேட்கிறார்.

எனக்கு அதில் முதல் வரி மட்டும்தான் தெரியும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்புப் படித்த காலத்தில் மற்றப் பிள்ளைகள் பாட நான் வாயை மட்டும் அசைத்தவன். நடுவில் அவள் ஒரு சொல்லை மாற்றியிருந்தாலும், ஒரு வரியையே விட்டிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. அறையில் இருந்த எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். ஒரு நாட்டின் பாட்டு சரியா பிழையா என்று என்னிடம் கேட்கிறார்கள். என்னை எந்த நாடும் முழுவதுமாகத் தன்னுடையவன் என்று சொன்னதில்லை. இல்லை, எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. அதைச் சொன்னால் அவளுடைய பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது. அவளைப் பார்த்தேன். வேர்த்து, கண் சிவந்து, கைகளை இன்னும் பக்கத்தில் ஒட்டவைத்தபடி நின்றாள்.

"ஹரி, மாத்தயா," என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில், முருங்கன் தாண்டியதும் அவள் யன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"உண்மையிலேயே சரியாத்தான் பாடினேனா மாமா?"

"எனக்குத் தெரியாது பிள்ள," என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். முன் சீற்றில் இருந்த கிழவர் என்ன என்று திரும்பிப் பார்த்தார்.

சில கிழமைகள் ஒரு பதிலும் வரவில்லை. போனில் கத்தியவர்கள் வேறு யாரையோ பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். லண்டன்காரரும் பிறகு எடுக்கவில்லை. அந்தத் தம்பி ஒரு நாள் வந்து படலையில் நின்று, தன்னால்தான் இவ்வளவும் என்று அவளிடம் சொன்னார். அவள் தேத்தண்ணி கொடுத்தாள். குடித்துவிட்டு, ஆனாலும் அந்தக் கொடி அங்கே தேவையில்லை என்பதில் தனக்கு மாற்றம் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அவரை எனக்குப் பிடித்திருந்தது. அவருக்கு ஒரு விஷயமாவது நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

கடைசியில் அதிகாரி அம்மாவே போன் எடுத்தார். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரலாம், நிரந்தர நியமனம் பிந்தித்தான் வரும், ஆனால் வரும் என்றார். கதைத்து முடிக்கும்போது, "கொடிக்குள்ள பூ மட்டும் வைக்காதேங்கோ ரீச்சர்," என்றார். அவர் சிரித்துக்கொண்டு சொன்னாரா இல்லையா என்று மருமகளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

எனக்கு மறிச்சுக்கட்டியில் வேலை வந்திருந்தது. அந்தத் திங்கட்கிழமை காலையில் பாயைச் சுருட்டிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். அவள் எனக்கு முன்பே போய்விட்டாள். வயல் வரம்பு முடிந்து ரோட்டில் ஏறும்போது பின்னால் பிள்ளைகளின் குரல் கேட்டது. காற்று மாறிமாறி அடித்ததில் சொல்லொன்றும் விளங்கவில்லை. கீதமாக இருக்கலாம், குருவிப் பாட்டாகவும் இருக்கலாம். எதற்கும் இருக்கட்டும் என்று சைக்கிளை விட்டு இறங்கி நின்றேன்.

எதிரே மாடு சாய்த்துக்கொண்டு வந்த ஒருவர் என்ன பார்க்கிறேன் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். அவர் போய்விட்டார். குரல் வருவதும் போவதுமாக இருந்தது. அது முடிந்துவிட்டதா, இனிச் சைக்கிளில் ஏறலாமா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.